நாற்பத்தொன்று

படுக்கப் போகுமுன் பாலாடைக்கட்டி வேண்டாம் என்றாள் மனைவி.
பழுப்பு நிறத்தது, ஆட்டுப்பாலில் செய்தது,
கெட்ட கனவு அதில்தான் ஊறுகிறது என்பது அவள் கட்சி.
விட்டேன்.
கனவு விடவில்லை.

இடப்பக்கம் புரண்டு படுத்தேன்.
விளக்கை எரியவிட்டு சோபாவில் படுத்தேன்.
அது வருமுன் எழுந்துவிடலாமென்று
மூன்று மணிக்கு அலாரம் வைத்தேன்.
யார் போய்ச் சொன்னார்களோ,
இரண்டே முக்காலுக்கே வந்துவிட்டுப் போனது.

வெள்ளை மாத்திரையில் கனவு வரவில்லை, உண்மைதான்.
காலையும் வரவில்லை.
பத்து மணிவரை ஈரச் சாக்குபோல் கிடந்தேன்.
அதை விழுங்கியவன் ரயில் ஓட்டக்கூடாது.

நடந்தது இவ்வளவுதான்:
பிப்ரவரி. மாயவாத்னுக்கு வடக்கே.
மீன் ஏற்றிய சரக்கு வண்டி.
தண்டவாளத்துப் பனியை இயந்திரம் தள்ளிவிட்டிருந்தது,
இருபுறமும் ஆளுயரச் சுவர்.
பனிமான்களுக்கு அது நல்ல பாதை, கால் புதையாத பாதை.
விளக்கைக் கண்டதும் ஓடின,
ஒதுங்கி அல்ல, நேராக,
எனக்கு வழிகாட்டுவதுபோல.
எண்ணூறு டன்னிடம் நில் என்றால்
யோசித்துத்தான் நிற்கும்.
யோசிக்க அதற்கு ஒரு கிலோமீட்டர் வேண்டும்.

நிஜத்தில் சத்தம் இருந்தது.
கனவில் இல்லை. அதுதான்.

மூஷொய்யனில் ராங்ஹில் என்றொரு பெண், தூக்கத்துக்கான மருத்துவர்,
கனவைப் பகலில் எழுது என்றாள்.
முடிவை மாற்று, எப்படி வேண்டுமானாலும்.
இரவு உணவுக்குப் பின் தினமும் ஒருதரம் வாசி.

எழுதினேன்: பிரேக் பிடித்தது, வண்டி நின்றது.
கனவு நம்பவில்லை.
என்னைவிட அதற்கு ரயில் தெரியும்.
எழுதினேன்: மான்கள் பறந்தன.
அடித்துவிட்டேன், கிறிஸ்துமஸ் அட்டைபோல இருந்தது.
எழுதினேன்: அன்று நான் வேலைக்கே போகவில்லை.
அந்த இரவு
வண்டி ஆளில்லாமல் வந்தது.

மார்ச்சில், இழப்பீட்டுக் காகிதத்தில் கையெழுத்திட
மந்தைக்காரர் நீலாஸ் வந்திருந்தார்.
அன்று டார்ச் வெளிச்சத்தில்
காதில் அறுத்த அடையாளம் தடவித் தடவி
எது யாருடையதென்று சொன்னவர்.
உயிர் மிச்சமிருந்தவற்றுக்கு அருகில்
துப்பாக்கியோடு குனிந்தவர்.

காபி இயந்திரத்தருகே நின்றோம்.
மன்னிப்பு என்ற சொல்லை நான் மென்றுகொண்டிருக்கையில்
அவர் கேட்டார்: உனக்கும் வருகிறதா?
வருகிறது.
எனக்கும்தான், என்றார்.
ஆனால் என் கனவில் வண்டியை ஓட்டுவது நான்.

என் இருக்கையில்
இரவுதோறும் இன்னொருவர் உட்கார்ந்திருக்கிறார்,
எந்தக் கைப்பிடி எதற்கென்று தெரியாமல்.
எனக்கு இது ஒருநாளும் தோன்றியதில்லை.

வீடு திரும்பி எழுதினேன்:
அவர் பக்கத்தில் நிற்கிறேன்.
முன்விளக்கை அணைக்கும் பொத்தானைக் காட்டுகிறேன்.
இருட்டில் மான்கள் ஓட்டத்தை விடுகின்றன.
அவர் சன்னலைத் திறந்து
தம் மொழியில் எதையோ சொல்லிக் கூப்பிடுகிறார்.
அந்த மொழி எனக்குத் தெரியாது,
அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டேன்.
சுவரில் எங்கோ பள்ளம் இருக்கிறது.
அவை ஏறுகின்றன.

பதினேழு இரவு வாசித்தேன்,
தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டு, சத்தமாக.
மனைவி கேட்காதவள்போல் கேட்டாள்.

நின்றுவிட்டதா ஹால்வார், என்கிறார்கள் பணிமனையில்.
நிற்கவில்லை.
வேகம் குறைந்திருக்கிறது.
இப்போது விளக்கு அணைகிறது.
கோடு போட்ட இடத்தில் ஒரு குரல்,
சத்தமே இல்லாத அந்தக் கனவில்.
மான்கள் ஏறிப் போகையில் எண்ணுகிறேன்.
நாற்பது.
எப்போதும் நாற்பது.

விழித்துக் காலுறை மாட்டிக்கொண்டு
சன்னலண்டை போய் நிற்கிறேன்.
தெருவிளக்கின் கீழ் பனி,
இன்னும் எதுவும் மிதிக்காதது.
கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு,
கள்ளன்போல் அலமாரியைத் திறந்து
பழுப்புக் கட்டியில் ஒரு துண்டு வெட்டிக்கொள்கிறேன்.